ஜப்பான் அல்பத்துக்கு ஒரு மீள்மதிப்பீட்டு உரை

ஊவா கலாரசனைப் பேரவைக்கு இசையைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு ஒலிவாங்கி வேண்டும். பேரவையிடம் இருந்த ஒலிவாங்கி பழையது. "பெருமதிப்புக்குரிய" என்று யாராவது தொடங்கினால், "பெரு"வை விழுங்கிவிட்டு "மதிப்புக்குரிய" என்பதை மட்டும் சபைக்குக் கொடுக்கும். இதனால் பதுளையின் பிரமுகர்கள் பலர் தங்களுக்குச் சேரவேண்டிய மதிப்பில் ஒரு பகுதியைப் பல வருடங்களாக இழந்துகொண்டிருந்தார்கள்.

பேரவை என்றதும் பெரிய கட்டடத்தை யாரும் கற்பனை செய்யவேண்டாம். பஜார் வீதியில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடி. கீழே ஆணி நிறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மேலே கலை வளர்ந்தது. தலைவர் அந்தோனிப்பிள்ளை ஓய்வுபெற்ற அதிபர். இதுவரை அவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை ஒன்றாகத் தைத்தால் நமுனுகுல மலைக்கு ஒரு சட்டை போட்டுவிடலாம். செயலாளர் அழகர் வரவேற்புரையில் வல்லவர். பதுளையில் ஒரு கூட்டம் நடந்து அதில் அவர் வரவேற்புரை ஆற்றவில்லை என்றால், வந்தவர்கள் வரவேற்கப்படாமலே வீடு திரும்பிவிட்டார்கள் என்று அவர் மனதார வருந்துவார்.

இப்படியிருக்க, கொழும்பிலுள்ள ஒரு ஜப்பான் நட்புறவுச் சங்கம் பேரவைக்குப் புத்தம்புதிய ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்தது. கையளிக்க யொஷிமுரா என்ற பெரியவர் நேரில் வருவதாக ஏற்பாடு. அழகர் உடனே ஜப்பானைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். படிப்பது என்றால் கைத்தொலைபேசியில் "ஜப்பான் பதுளை" என்று தட்டிப் பார்ப்பதுதான். அப்படித் தட்டியபோது வந்து விழுந்தது நிரஞ்சலா என்ற பெண்ணின் பேஸ்புக் பதிவு.

நிரஞ்சலா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண். தாய் பாக்கியலெட்சுமி கொழுந்து பறிப்பவள். மகள் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்தாள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவளுக்கு டெட்சுமாரு என்ற ஜப்பானியக் குழுவின் மீது பைத்தியம். அவர்கள் வாசிப்பது பவர் மெட்டல். வேகமான கிட்டார், அதைவிட வேகமான ட்ரம்ஸ், இரண்டுக்கும் மேலே கோயில் கூரையைத் தேடிப் போகிற குரல். பாட்டுக்குப் பாட்டு ஒரு வாள், ஒரு டிராகன், ஒரு விடியல். டவுனுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான பஸ்ஸில், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவள் அந்தப் பாட்டுகளைக் கேட்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாராவது டிக்கெட் கேட்டால்கூடப் போருக்குப் போகிறவள் போலத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பல வருடங்கள் காத்திருந்த பிறகு டெட்சுமாருவின் புது அல்பம் வந்தது. அன்று மாலை பஸ்ஸிலேயே கேட்டாள். தோட்டத்தில் இறங்குவதற்கு முன்பே இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டாள். லயத்து வீட்டுக்கு வந்த கையோடு இப்படி எழுதினாள்:

"ஜப்பான் டெட்சுமாருவோட புது அல்பம் கேட்டேன். இத்தன வருஷம் காத்துக்கிட்டு இருந்தது இதுக்கா? மொதப் பாட்டு தொடங்குறதுக்கு முன்னால கோரஸ், வயலின், மணிச் சத்தம்னு போய்க்கிட்டே இருக்கு. இது பாட்டா, வரவேற்புரையா? ட்ரம்ஸ் பிஸ்கட் டின்னுல தட்டுற மாதிரி. புது கிட்டார்காரர் ஓடுறார் ஓடுறார், எங்க போறோம்னு அவருக்கே தெரியல. பாடுறவர் நல்ல பாட்டுக்காரர்தான், ஆனா எல்லாப் பாட்டுலயும் அதே எடத்துல அதே மாதிரி கூரைக்கு ஏறுறார். நான் இவங்க ரசிகை. அதனாலதான் இவ்வளவு கோவம். வேற யாராவது போட்டிருந்தா பேசாம விட்டிருப்பேன்."

இதற்கு மூன்று பேர் விருப்பம் தெரிவித்தார்கள். இருவர் அவளுடைய நண்பர்கள் நௌபரும் ஜொனியும். மூன்றாமவர் தமிழ் தெரியாத ஓர் இந்தோனேசியர்.

அழகர் அந்தப் பதிவைத் தலைவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். நட்பு நாடு ஒன்று அவமதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஒலிபெருக்கித் தொகுதி ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார். "பாட்டா, வரவேற்புரையா" என்ற வரியை மட்டும் இரண்டாம் முறையும் வாசித்தார்.

மறுநாளே பாமசிக்கு வந்து நின்றார்.

"நீங்கதானா நிரஞ்சலா?"

"ஆமாங்க சேர். டாக்டர் துண்டு கொண்டாந்தீங்களா?"

"நான் மருந்துக்கு வரலம்மா. ஜப்பான் விஷயமா வந்தேன்."

"ஜப்பான் மருந்து இப்ப வர்றதில்லைங்க சேர். இந்தியா மருந்து இருக்கு. ரெண்டும் ஒன்னுதான்."

அழகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க ஒரு நட்பு நாட்டோட ட்ரம்ஸ பிஸ்கட் டின்னுன்னு எழுதியிருக்கீங்க."

"சேர், அது ஒரு பேண்ட். நாடு இல்ல."

"அந்த பேண்ட் எங்க இருக்கு?"

"ஜப்பான்ல."

"அப்ப?" என்றார் அழகர், வாதத்தை முடித்துவிட்டவராக. "ஞாயித்துக்கிழம காலையில பேரவைக்கு வாங்க. ஒரு தெளிவுபடுத்தும் அமர்வு வச்சிருக்கோம். பயப்படாதீங்க. சிற்றுண்டி உண்டு."

அவள் போகாமலே இருந்திருப்பாள். ஆனால் அவளுக்குப் பேரவையிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

நிரஞ்சலா கிட்டார் வாசித்துப் பாடுவாள். கைத்தொலைபேசி திருத்துகிற நௌபர் பேஸ் கிட்டார். ஆட்டோ ஓட்டுகிற ஜொனி ட்ரம்ஸ். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் "பெரட்டு". தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கே போடுகிற கூச்சலைவிடப் பெரிய மெட்டல் உலகத்தில் இல்லை என்பது ஜொனியின் கட்சி. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில், அது பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், தொட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்தார்கள். சொந்தமாக ஐந்தாறு பாட்டுகள் இருந்தன. ஒருமுறைகூட ஆட்களுக்கு முன்னால் வாசித்ததில்லை.

டவுன் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை கேட்டிருந்தார்கள். கலை நிகழ்ச்சி என்றால் பேரவையின் சிபாரிசு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேரவையோ, வருடத்தின் எல்லாச் சனிக்கிழமைகளையும் தன் பெயரில் எடுத்து வைத்திருந்தது. ஏன் என்று நௌபர் போய்க் கேட்டதற்கு, "எதிர்பாராத பாராட்டு விழாக்களுக்காக" என்று பதில் வந்தது. யாராவது திடீரென்று பாராட்டத்தக்கவர் ஆகிவிட்டால் பேரவை கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாதல்லவா.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேல்மாடிக்குப் போனாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஜன்னல் காற்றில் அது அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். மறைந்த கலைஞர்களுக்காக எழுந்து நின்றார்கள். பின்னர் அழகர் வரவேற்புரை ஆற்றினார். "இன்று நம்மால் விசாரிக்கப்படவுள்ள செல்வி நிரஞ்சலா அவர்களை, கலைமகள் கொலுவிருக்கும் இம்மன்றத்துக்கு வருக வருகவென இருகரம் கூப்பி அழைக்கிறேன்" என்றார். தலைவர் எழுந்துவந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"எதுக்குங்க சேர் இது?" என்று நிரஞ்சலா மெதுவாகக் கேட்டாள்.

"பொன்னாடை போர்த்தாம யாரையும் கண்டிச்ச வழக்கம் இந்தப் பேரவைக்கு இல்லம்மா" என்றார் தலைவர்.

அடுத்து அவருடைய தலைமையுரை.

"அன்பர்களே! இந்த இசைத்தட்டை நான் கேட்கவில்லை என்பதை முதலில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கேட்டிருந்தால் எனக்கும் ஒரு கருத்து உண்டாகியிருக்கும். கருத்து உண்டானால் நடுநிலை போய்விடும். முப்பது வருடமாக இந்தப் பேரவையை நடத்துகிறேன். ஒரு கலைஞனையாவது நாம் விமர்சித்ததுண்டா? உயிரோடிருப்பவர்களை வாழ்த்துகிறோம். இறந்தவர்களைப் போற்றுகிறோம். இவை இரண்டுக்கும் நடுவே விமர்சனம் என்று ஒன்றைச் செய்ய எங்கே நேரம் இருக்கிறது? நான்கூட நாட்டார் பாடல்களைப் பற்றி ஒரு நூல் எழுதினேன். வெளியீட்டு விழாவில் பதினோரு பேர் பேசினார்கள். ஒருவராவது அதை வாசித்துவிட்டு வந்து என்னைச் சங்கடப்படுத்தவில்லை. அதுவல்லவா பண்பாடு!"

கைதட்டினார்கள். நிரஞ்சலாவும் கைதட்டினாள். எதற்கு என்று தெரியவில்லை. பொன்னாடை தோளில் கிடந்தால் கை தானாகத் தட்டும்போலிருந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா. ஏன் அப்படி எழுதினீங்க?"

"பிடிக்கல சேர்."

"பிடிக்கலன்னா?"

"கேட்டேன். பிடிக்கல. அதத்தான் எழுதினேன்."

சபையில் சலசலப்பு எழுந்தது. இவ்வளவு சிறிய விளக்கத்தை அந்த மேல்மாடி அதுவரை கேட்டதில்லை. அவள் எதையோ மறைக்கிறாள் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அவளுக்குப் பின்னால் யாரோ இருப்பதாக இன்னொருவர் சொன்னார்.

"சரி, அந்தப் பாட்டப் போட்டுத்தான் கேட்டுடுவமே சேர்" என்றாள் நிரஞ்சலா.

அது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, நிறைவேறியது. பேரவையின் ஒலிவாங்கியை நம்ப முடியாததால் அழகர் தன் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டு, சத்தம் கூடுவதற்காக அதை ஒரு வெறும் செம்புக்குள் இறக்கினார். செம்புக்குள்ளிருந்து கோரஸ் எழுந்தது. வயலின்கள் எழுந்தன. மணிகள் ஒலித்தன. மறுபடி கோரஸ். சபையோர் தேர்த்திருவிழாவில் நெரிசலில் நிற்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு அழகர் பக்கம் சாய்ந்தார்.

"பாட்டு எப்பங்க தொடங்கும்?"

"இதுதான் ஐயா பாட்டு."

"இதா? இது வரவேற்புரை மாதிரியில்ல இருக்கு?"

அழகர் தலைகுனிந்துகொண்டார். நிரஞ்சலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த இடத்தை அழகர் கூட்டக் குறிப்பில் "தலைவர் மெய்மறந்தார்" என்று பதிவுசெய்தார்.

முடிவு இதுதான். யொஷிமுரா வரும் விழாவில், அவருக்கு முன்பாக, நிரஞ்சலா ஒரு "மீள்மதிப்பீட்டு உரை" ஆற்றவேண்டும். உரையை அழகரே எழுதித் தருவார். அவள் வாசித்தால் போதும். அப்படி வாசித்தால், எதிர்பாராத பாராட்டு விழாக்களில் ஒன்றை ஒத்திவைத்து, பெரட்டுக் குழுவுக்கு ஒரு சனிக்கிழமையைப் பேரவை பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கும்.

பிள்ளைக்காம்பராவில் மூவரும் இதைப் பேசினார்கள்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவேன்" என்றான் ஜொனி. "அந்த ஜப்பான்காரங்க பதுளைக்கு வந்து கேக்கப் போறாங்களா? நமக்கு மண்டபம் வேணும்."

"எனக்குப் பிடிக்கல ஜொனி."

"எனக்கு எங்க சித்தப்பாவப் பிடிக்காது. கல்யாண வீட்டுல பாத்தா சிரிக்கிறேன்ல?"

நௌபர் சாந்தமானவன். ஆனாலும் தலையை ஆட்டினான். "அது வேற. சித்தப்பாவுக்கு நீ ரசிகன் இல்லயே. இவ இந்தப் பேண்டுக்காக எத்தன பேரோட சண்ட போட்டிருப்பா. இப்ப மண்டபத்துக்காக நல்லாருக்குன்னு சொன்னா, நாளைக்கு நம்ம பாட்ட நல்லாருக்குன்னு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் நிரஞ்சலா கைத்தொலைபேசியைச் சத்தமாக வைத்தாள். பொய் சொல்லாமல் பாராட்டுவதற்கு அந்த அல்பத்தில் ஒரு துண்டாவது கிடைக்காதா என்று தேடுவதற்காக மறுபடி கேட்க ஆரம்பித்தாள். லயத்துச் சுவர்களுக்குக் காது தேவையில்லை, அவ்வளவு மெல்லிய சுவர்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து இரண்டு முறை தட்டினார்கள். பிஸ்கட் டின் பிஸ்கட் டின்னாகவே இருந்தது. கிட்டார்காரர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. முதல்முறை பஸ்ஸில் கோபத்தில் அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதில் ட்ரம்ஸ் இல்லை. ஒரேயொரு கிட்டார். பாடகர் கூரைக்கு ஏறவே இல்லை. தாழ்ந்த குரலில், பாதியில் தயங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துப் பாடினார். வாளும் டிராகனும் அந்தப் பக்கம் வரவில்லை.

கொழுந்து மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "யாரு செத்துப்போனது புள்ள?"

"யாரும் சாகலம்மா. அதே பேண்டுதான்."

"அதே ஆளுங்களா? இது நல்லாருக்கே. இதுல கத்தலயே."

நிரஞ்சலா அதை மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். சந்தோஷமாக இருந்தது. கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தவர்களில் ஒருவர் வாசலில் வந்து நிற்பது போலிருந்தது. உடனே பேஸ்புக்கைத் திறந்து, "கடைசிப் பாட்டு விஷயத்தில நான் தப்புப் பண்ணிட்டேன், அது அருமையான பாட்டு" என்று எழுதப் போனாள். விரல் அப்படியே நின்றது. இதை இப்போது எழுதினால் யார் நம்புவார்கள்? பேரவை மிரட்டியது, பணிந்துவிட்டாள் என்பார்கள். தனக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொல்வதற்குக்கூட இனி வழியில்லை. அந்த மேல்மாடி ஆட்கள் மீது அதுவரை அவளுக்குச் சிரிப்புத்தான் இருந்தது. அன்றுதான் அருவருப்பு வந்தது.

விழா நாளன்று யொஷிமுரா கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். மொழிபெயர்க்கக் கேஷானி என்ற பெண் கூட வந்திருந்தாள். பெரியவருக்குப் பேரவை ஒரு பொன்னாடை, மகளிர் அணி ஒரு பொன்னாடை, இரும்புக்கடைக்காரர் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பதுளையின் குளிருக்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்து அவர் மூன்றையும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

புதிய ஒலிபெருக்கியை அவரே முடுக்கிவைத்தார். அழகர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, "பெருமதிப்புக்குரிய" என்றார். "பெரு" முழுதாக வெளியே வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சொல்லை இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்த பின்புதான் மேலே போனார்.

"ஜப்பானுக்கும் பதுளைக்கும் இடையே உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அங்கே தேநீர் குடிக்கிறார்கள். இங்கே தேயிலை விளைகிறது. அங்கே மலை உண்டு. இங்கேயும் மலை உண்டு. அங்கே நிலம் நடுங்குகிறது. இங்கே மண் சரிகிறது. இரு தேசங்களுக்கு இடையே இதைவிட நெருக்கமான பந்தம் இருக்க முடியுமா?"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில், மண்சரிவில் லயத்தை இழந்து இன்னும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்தெழும்புகிற சில குடும்பங்களைக் கூட்டம் நிரப்புவதற்காக அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசை தட்டியதால் அவர்களும் தட்டினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போனாள். அவள் தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று அழகர் நினைத்தார்.

ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து நிரஞ்சலாவை அழைத்தார்கள். அழகர் எழுதித் தந்த தாள் அவள் கையில் இருந்தது. "அறியாமை இருளில் ஆழ்ந்துகிடந்த அடியேன்" என்று அது தொடங்கியது. அவள் அதை மடித்து மேசையில் வைத்தாள். கூட்டத்தில் ஜொனியையும் நௌபரையும் தேடினாள். ஜொனி, வாசி வாசி என்று கையைக் காட்டினான்.

"வணக்கம்" என்றாள். "டெட்சுமாருன்னு ஒரு பேண்ட். அவங்க புது அல்பம் நல்லால்லன்னு நான் எழுதினேன். மறுபடி கேட்டேன். இன்னும் நல்லால்ல. ஆனா கடைசிப் பாட்ட நான் கேக்காமலே எழுதிட்டேன். அது என்னோட தப்பு. அது ரொம்ப நல்ல பாட்டு. யாரும் சொல்லச் சொல்லி இதச் சொல்லல. யாராவது சொல்லக்கூடாதுன்னாலும் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

கேஷானி குனிந்து பெரியவரின் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். யொஷிமுரா பொன்னாடைகளுக்குள்ளிருந்து தலையை நீட்டி ஏதோ கேட்டார். கேஷானி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"டெட்சுமாருன்னா தண்ணி பம்ப் செய்ற கம்பனியான்னு கேக்கிறார்."

"இல்லங்க, பாட்டுக் குழு" என்றாள் நிரஞ்சலா.

மறுபடி குசுகுசுப்பு. "அவருக்குத் தெரியாதாம். அந்த மாதிரிச் சத்தத்த அவரோட மருமகன் கேப்பாராம். கேக்க ஆரம்பிச்சா இவர் தோட்டத்துக்கு நடக்கப் போயிடுவாராம்."

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். அந்தோனிப்பிள்ளை பதறவில்லை. முப்பது வருட அனுபவம். எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தன் தாய்நாட்டின் மாபெரும் இசைக்குழுவைப் பற்றி, அதைத் தெரியவே தெரியாது என்று சொல்லும் அளவுக்குத் தன்னடக்கம் கொண்ட அறிஞர் யொஷிமுரா அவர்கள்! 'என்னோட தப்பு' என்று கண்ணீர் மல்க ஒப்புக்கொண்ட செல்வி நிரஞ்சலா! இந்த இரு உள்ளங்களையும் ஒரே மேடையில் இணைத்த பெருமை பேரவையையே சாரும்!"

நிரஞ்சலாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. ஆனாலும் ஒரு பத்திரிகையில் "பதுளையில் விமர்சகர் கண்ணீர்: ஜப்பான் இசை குறித்து மனம் வருந்தினார்" என்று செய்தி வந்தது. பக்கத்தில் அந்தோனிப்பிள்ளையின் படம். மெட்டல் ரசிகர்கள் கூடும் பக்கங்களில் அதைப் பகிர்ந்து, ஒரு மண்டபத்துக்கு விலைபோனவள் என்று எழுதினார்கள். உண்மையை மட்டுமே பேசிவிட்டு இரண்டு பக்கத்தாருக்கும் பொய்க்காரி ஆகியிருந்தாள். அவள் எதையும் அழிக்கவில்லை. யாருக்கும் பதில் எழுதவும் இல்லை. பேரவை மட்டும் சொன்னபடி ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுத்திருந்தது.

"மண்டபம் வேணாம். திருப்பிக் குடுத்துடுவோம்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் ஜொனி. "நீ பொய் சொல்லியா வாங்கின? அவங்களுக்குக் காது கேக்கலன்னா அது நம்ம பிழையா? சனிக்கெழம கெடச்சிருக்கு. அடிச்சுட்டு வருவோம்."

சனிக்கிழமை மதியம் நிகழ்ச்சியை வைத்தார்கள். மடுல்சீமைக்குப் போகிற கடைசி பஸ் நேரத்தோடு புறப்பட்டுவிடும். அந்தப் பக்கத்து ஆட்களும் பார்த்துவிட்டுப் போகவேண்டும். மண்டபம் நிறைந்தது. ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு லொறி ஆட்கள். பாக்கியலெட்சுமி காதில் வைப்பதற்குப் பஞ்சு கொண்டுவந்திருந்தாள்.

முன்வரிசையில் பேரவை முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கித் தொகுதி பேரவையின் சொத்து. ஆகவே ஒலிபெருக்கி போகுமிடமெல்லாம் பேரவையும் போகும் என்று ஒரு தீர்மானம் இருந்தது. குத்துவிளக்கும் வந்திருந்தது. அழகர் மேடைக்கு ஏறினார்.

"பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கி முன்வரிசையை ஒவ்வொருவராக வரவேற்றார். பிறகு வரமுடியாமல் போனவர்களை வரவேற்றார். பிறகு இசை என்றால் என்ன என்று விளக்கப் போனார். ஆட்கள் நெளிந்தார்கள். மடுல்சீமைக்காரர்கள் மணியைப் பார்த்தார்கள். நௌபர் இரண்டு முறை போய் அழகரின் காதில் ஏதோ சொன்னான். அவர் அவனையும் பெயர் சொல்லி வரவேற்றார்.

நிரஞ்சலா கிட்டாரை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் பொறுத்தாள். இந்தச் சனிக்கிழமையும் இப்படியே வழிந்து போய்விடும் என்று தோன்றியது. திரும்பி ஜொனியைப் பார்த்தாள். அவன் குச்சிகளை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தான். அவள் தலையை அசைத்தாள்.

முதல் அடியில் குத்துவிளக்கின் சுடர் ஆடியது. புதிய ஒலிபெருக்கி அதற்கென்றே செய்யப்பட்டதுபோல் எல்லாவற்றையும் வாரி மண்டபத்துக்குள் கொட்டியது. அழகர் நிறுத்தவில்லை. அவருடைய கை உயர்ந்தது, தாழ்ந்தது. வாய் திறந்தது, மூடியது. வரவேற்புரை ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி மட்டுமே உண்டு. தோட்டத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். பெரட்டின் முதல் பாட்டும் அழகரின் உரையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிந்தன. மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. அழகர் மூன்று பக்கமும் கும்பிட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தபடி இறங்கினார். தன் வாழ்நாளில் வேறெந்த வரவேற்புரைக்கும் இப்படி ஒரு கரகோஷம் கிடைத்ததில்லை என்று இன்றும் அவர் சொல்லிக்கொள்கிறார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தோனிப்பிள்ளை மேடைக்கு வந்து, தமது பேரவை கண்டெடுத்த முத்துக்கள் என்று மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார். பெரட்டு வாசித்தது என்ன வகையான இசை என்று அவர் கேட்கவில்லை. அற்புதம் என்றார். வெளியே வரும் வழியெல்லாம் கையைப் பிடித்தவர்கள் அற்புதம் என்றார்கள், அருமை என்றார்கள். நிரஞ்சலா சிரித்துச் சிரித்து வாய் வலித்து நின்றாள். வாசித்தது நன்றாக இருந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அற்புதம் என்று சொன்ன ஒருவரை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று திரும்பி வந்தாள். நிலக்ஷனா என்று பெயர் சொன்னாள். மடுல்சீமை.

"ஒங்க கிட்டார் புடிச்சிருக்கு. ஆனா ரெண்டாவது பாட்டு இழுவை அக்கா. நான் கொட்டாவி விட்டுட்டேன்."

நிரஞ்சலாவுக்குச் சுரீர் என்றது. அந்தப் பாட்டை அவள் பல மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். இவள் யார் சொல்வதற்கு என்று ஒரு கணம் கோபம் வந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் கத்தினார்.

அவள் பொன்னாடையைச் சுருட்டி நௌபரின் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்த நிலக்ஷனாவோடு கூடவே வேகமாக நடந்தாள்.

"எந்த எடத்துல இழுத்துச்சு?" என்று கேட்டாள். "சொல்லுங்க. சரியா எந்த எடத்துல?"